பவளம் அன்ரியின் குனு

பவளம் அன்ரி போய்விட்டார் என்று அவர் மகள் தர்ஷினி போனில் சொன்னபோது, என் காரின் பின்சீட்டில் அவருக்காக வாங்கிய கம்புப் பை கிடந்தது. முதல் நாள் மாலைதான், "கம்பு முடிஞ்சுது. கடைப்பக்கம் போனால் வாங்கிக்கொண்டு வாரும். பழசைத் தந்தால் வேண்டாதையும்" என்று உத்தரவு போட்டிருந்தார். தூக்கத்திலேயே போயிருக்கிறார். எண்பது வயதிலும் யாருக்கும் தொந்தரவு தராத நல்ல சாவு என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்குக் கோபம்தான் வந்தது. கம்பு வாங்கிவரச் சொல்லிவிட்டு இப்படியா போவது?

நினைவு மலருக்கு ஒரு பக்கம் எழுதித் தரும்படி தர்ஷினி கேட்டாள். நாங்கள் குடியிருக்கும் டூங்கபிப் பக்கத்தில் அன்ரியைத் தெரியாதவர்கள் குறைவு. தெரிந்தவர்களில், அவர் கையால் குனு வாங்கிக் குடிக்காதவர்கள் அதைவிடக் குறைவு. அதனால் அந்தக் குனுவைப் பற்றியே எழுதுகிறேன்.

நாங்கள் திண்டிவனத்துக்காரர்கள். அவர் பக்கத்து வீட்டுக்கு நாங்கள் குடிவந்தது, இந்த நாட்டில் உச்சக் கோடையான ஜனவரி மாதத்து வெயிலில். சாமான்களைப் பிரித்து முடிக்கவில்லை. வாசலில் ஓர் அம்மா பெரிய ஜாடியோடு வந்து நின்றார். "முதல்ல இதைக் குடியும். பெட்டியள் எங்கயும் ஓடாது" என்றார். பார்த்தால் அசல் கம்பங்கூழ். அட, யாழ்ப்பாணத்து அம்மா கையில் எங்கள் ஊர்க் கூழா என்று ஆசையாக வாயில் வைத்தால், இனிக்கிறது. இஞ்சி காரம் மூக்கில் ஏறுகிறது. கடைசியில் கிராம்பு வாசனை வேறு.

"உப்பு போட மறந்துட்டீங்களா ஆன்ட்டி?" என்று கேட்டுவிட்டேன்.

"இது கூழில்லை, குனு. நைஜீரியாக்காரற்ர குடிப்பு. உப்புப் போடுறதெண்டால் உம்மட வீட்டில போடும்."

அன்று ஆரம்பித்த சண்டை அது.

அன்ரியும் அங்கிளும் இளவயதில் வடக்கு நைஜீரியாவின் கானோ நகரில் பள்ளிக்கூட வாத்தியார்களாக இருந்தவர்கள். போன முதல் கோடையில் அன்ரிக்குச் சோறே இறங்கவில்லையாம். பக்கத்து வீட்டு ஹவ்வா என்ற பெண் தினமும் மத்தியானம் ஒரு சுரைக்குடுவையில் குனு கொடுத்து அனுப்பியிருக்கிறார். "சோறு இறங்கேல்லை, அது இறங்கிச்சுது. இல்லாட்டில் இவர் என்னை அங்கயே புதைச்சுப்போட்டு வந்திருப்பார்" என்று சிரிப்பார். அக்காரா என்ற பலகாரமும் அந்த ஹவ்வா வீட்டில் பழகியதுதான். ஊறவைத்த கௌப்பியை, அதாவது எங்கள் ஊர்க் காராமணியை, தோல் நீக்கி அரைத்து, நன்றாக நுரைக்க அடித்துப் பொரிப்பது. நம் வடைக்கு ஒன்றுவிட்ட தங்கை என்றேன். "தங்கை இல்லை, தமக்கை" என்று திருத்தினார். எதிலும் விட்டுக்கொடுத்த ஆளில்லை.

குனு செய்யும் நாளில் அவர் குசினியில் எனக்கு உட்கார ஒரு கதிரை உண்டு. ஊறிய கம்பை இஞ்சி, கிராம்பு, மிளகு சேர்த்து அரைப்பார். அரைத்த மாவில் ஒரு பங்கைப் பச்சையாக எடுத்து வைத்துவிட்டு, மீதியில் கொதிநீர் ஊற்றிக் கிண்டுவார். அது கெட்டியானதும் அவசரப்பட மாட்டார். விரலை விட்டால் பொறுக்கிற சூட்டுக்கு வந்த பிறகுதான் அந்தப் பச்சை மாவைக் கலப்பார். "எல்லாத்தையும் காய்ச்சினால் களி. ஒண்டையும் காய்ச்சாட்டில் கழுநீர். ரெண்டும் சேர வேணும்" என்பார். ஓர் இரவு மூடிவைத்து, காலையில் வடிகட்டி, சீனி போட்டுக் குளிரவைத்தால் குனு. சீனி போடும் நேரத்தில் மட்டும் என்னைக் கராஜுக்கு விரட்டுவார், போத்தல் எடுத்துவர. நானும் போகிற போக்கில், "இன்னைக்காவது ஒரு சிட்டிகை உப்பு போடுங்க" என்பேன். "உமக்கென்ன விசரே?" என்று பதில் வரும். இருவருக்கும் அது ஒரு பொழுதுபோக்கு.

ஒரு வருடம் கோயில் தேருக்குத் தண்ணீர்ப்பந்தலில் மோருக்குப் பக்கத்தில் இதையும் வைத்தார். பந்தல் பொறுப்பாளர் ஒருவர் மூடியைத் திறந்து பார்த்து, "இதென்ன சாமான்? கோயிலுக்கு ஆகுமோ?" என்று முகம் சுளித்தார். "கம்பும் இஞ்சியும் முருகனுக்கு ஆகும். உமக்கு ஆகுமோ எண்டு குடிச்சுப் பாரும்" என்று டம்ளரை நீட்டினார் அன்ரி. மனிதர் மூன்று டம்ளர் குடித்தார். தேர் நிலைக்கு வருமுன் குனு காலி, மோர் மிச்சம்.

அன்ரியின் காரியங்கள் முடிந்த வாரம் தர்ஷினி என்னைக் கூப்பிட்டாள். அங்கிள் எதையும் தொடவில்லை. சோறு, கஞ்சி, சூப், எதை வைத்தாலும் "வேண்டாம் பிள்ளை" என்று தள்ளிவிடுகிறார். வெளியே வெயில் நாற்பதைத் தாண்டுகிறது. "He's not even drinking water, Aunty" என்று அழுதாள். கணவர் சாகாமலிருக்க அன்ரி என்ன செய்திருப்பார் என்று யோசிக்கவே தேவையிருக்கவில்லை. காரிலிருந்து கம்பை எடுத்து ஊறப்போட்டேன்.

முதல் தடவை அவசரத்தில் சூட்டோடு பச்சை மாவைக் கொட்டி, களி கிண்டிவிட்டேன். அன்ரி இருந்திருந்தால் ஒரு மாதம் சொல்லிக் காட்டியிருப்பார். மறுபடி ஊறவைத்து, விரல் பொறுக்கும்வரை காத்திருந்து கலந்தேன். காலையில் வடிகட்டிச் சீனி போட்டேன். பிறகு, இனி யார் தடுக்கப் போகிறார்கள் என்று ஒரு சிட்டிகை உப்பும் போட்டேன். போட்ட கையோடு அழுகை வந்துவிட்டது. தடுக்க ஆளில்லாத சண்டையில் ஜெயித்து என்ன பண்ண?

அங்கிள் டம்ளரை வெகுநேரம் கையில் வைத்திருந்தார். ஒரு வாய் குடித்தார். இன்னொரு வாய். பாதி டம்ளர் இறங்கியதும் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"உப்புப் போட்டனீரே?"

தயங்கி, "ஆமா அங்கிள். ஒரே ஒரு சிட்டிகை" என்றேன்.

"அதுதான் சரியாயிருக்கு. அவவும் போடுறவ."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அங்கிள் அத்தனை நாளில் முதல்முறையாகச் சிரித்தார். "நீர் வந்த அண்டைக்குச் சொன்னனீரெல்லே, அடுத்த முறையே போட்டுப் பாத்தவ. நல்லாத்தான் இருக்கு எண்டு என்னட்டச் சொன்னவ. உமக்கு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ எண்டவ."

சீனி போடும் நேரம் பார்த்துப் போத்தல் எடுக்க ஏன் என்னைக் கராஜுக்கு விரட்டினார் என்று அப்போதுதான் விளங்கியது. அங்கிள் டம்ளரைக் காலி செய்துவிட்டு இன்னும் கொஞ்சம் கேட்டார்.

உங்கள் ஒவ்வொருவரிடமும் அன்ரியின் ஏதோ ஒன்று இருக்கும். என்னிடம் குனு இருக்கிறது. வாரம் ஒருமுறை அங்கிளுக்குச் செய்து கொண்டுபோகிறேன். நீங்களும் வாருங்கள், தருகிறேன். அதில் உப்பு போட்டிருக்கிறேனா என்று யார் கேட்டாலும், இல்லை என்றுதான் சொல்வேன்.