இத்தாலிக்கு அரியலூரில் ஒத்திகை

கல்யாணமான இரண்டாவது மாதம் என் வீட்டுக்காரர் லேப்டாப்பில் இத்தாலியைத் திறந்து வைத்தார். தேனிலவுக்கு ரோமில் இறங்கி, புளோரன்ஸ், வெனிஸ், கடைசியில் மிலன். ஊருக்கு ஊர் ரயில்தான். நடுவில் ஓரிடத்தில் வண்டி மாற வேண்டும், அதற்குச் சில நிமிடங்கள்தான் கிடைக்கும் என்றார். பெரம்பலூரை அடுத்த குரும்பலூரில் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் மனிதர். மேப்பில் விரலை ஓட்டினால் அவருக்கு எல்லாமே பக்கத்தில் தெரிகிறது. எனக்குப் பயம்தான் வந்தது.

பயம் இத்தாலியைப் பற்றி அல்ல, இவரைப் பற்றி. பெண் பார்க்க வந்த அன்று பேசியதையும் சேர்த்தாலும் இவரை எனக்கு எவ்வளவு தெரியும்? பேச்சுப் புரியாத ஊரில் இவர் ஒருவர்தான் எனக்குத் துணை. இவர் என்னைப் பார்த்துக்கொள்வாரா என்று யாரிடம் போய்க் கேட்பது? ஜெயங்கொண்டத்தில் இருக்கும் அம்மாவிடம் சொன்னால், "மாப்ள தங்கமான புள்ள, வாய மூடு" என்பாள்.

போதாக்குறைக்கு, பெரம்பலூருக்கு ரயிலே கிடையாது. இவர் பஸ்ஸிலேயே வளர்ந்தவர், நானும் அப்படித்தான். "மொதல்ல அரியலூர்ல ஏறி எறங்கிப் பாத்துருவோங்க, அப்பறம் இத்தாலி டிக்கெட்டப் போடுங்க" என்றேன். சிரித்தார், ஆனால் ஒப்புக்கொண்டார். எடை வேண்டுமே என்று இரண்டு புது சூட்கேஸ்களிலும் பொன்னி அரிசியை அடைத்துக்கொண்டு கிளம்பினோம். திருச்சி வரை போய்த் திரும்புவதாகப் பேச்சு.

அரியலூர் ஸ்டேஷனில் வண்டி வந்து நின்றதும் அவருக்குப் பஸ் ஸ்டாண்ட் புத்தி வந்துவிட்டது. "நான் ஏறி சீட்டுப் புடிச்சிடுறேன், நீ சாமானோட வந்துடு" என்று பாய்ந்து ஏறிவிட்டார். பஸ் என்றால் கண்டக்டர் பார்த்துத்தான் விசில் கொடுப்பார். ரயிலில் எனக்காக யார் பார்ப்பார்கள்? முதல் சூட்கேஸைப் படியில் ஏற்றப் போராடிக்கொண்டிருந்தபோதே வண்டி நகர்ந்தது. சட்டென்று கீழே இழுத்துக்கொண்டேன். ஜன்னலுக்கு வெளியே அவர் கை மட்டும் பதறிப் பதறி ஆடியது. பிறகு அதுவும் தெரியவில்லை.

என் போன் அவர் தோள்பையில் இருந்தது. அவர் நம்பர் எனக்கு இன்னும் மனப்பாடம் ஆகவில்லை. அம்மா நம்பர் தெரியும். ஆனால் புருஷன் விட்டுவிட்டுப் போய்விட்டார் என்று எந்த வாயால் சொல்வது?

பக்கத்தில் பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த பெண் கேட்டாள். "யாரும்மா வரணும்?"

"எங்க வூட்டுக்காரரு. வந்துடுவாருக்கா."

சொல்லிவிட்டேனே தவிர, எனக்கே நம்பிக்கை இல்லை. அவர் வராவிட்டால் என்ன செய்வேன்? நம் பேச்சுப் பேசும் அரியலூரிலேயே இப்படித் திகைத்து நிற்கிறேனே, வெனிஸில் யார் முகத்தைப் பார்ப்பேன்? பெஞ்சில் உட்காரக்கூடத் தோன்றவில்லை.

வெகுநேரம் கழித்து, வழி ஸ்டேஷனில் இறங்கி, பஸ் பிடித்து, சட்டையெல்லாம் நனைந்து வந்து சேர்ந்தார். மூச்சு வாங்கியபடி, "நீ எங்கயும் போயிருக்க மாட்டன்னு தெரியும்" என்றார்.

எனக்குச் சுள்ளென்று கோபம் ஏறியது. "எங்க போவேன்? காசும் போனும் உங்ககிட்ட. எனக்கு இத்தாலி வேணாம். ஒண்ணும் வேணாம்."

அவர் தலை தொங்கிவிட்டது. "இன்னொரு தடவ பாப்போமே" என்றார், கெஞ்சலாக.

"அப்ப நான்தான் மொதல்ல ஏறுவேன்."

அடுத்த வண்டி வந்தது. நான் ஏறித் திரும்பிப் பார்த்தேன். இரண்டு சூட்கேஸ்களுக்கும் நடுவே கீழே நின்று, எதை முதலில் தூக்குவது என்று தெரியாமல் தவித்துக்கொண்டிருந்தார். முகம் செத்துப்போயிருந்தது. சற்று முன்னால் நானும் அப்படித்தான் நின்றிருப்பேன். இவரும் என்னைப் போலவே பயந்த ஆள்தான் என்று அப்போதுதான் தெரிந்தது.

ஹாரன் அடித்தது. கையை நீட்டினேன். அவர் அவசர அவசரமாக ஒரு சூட்கேஸைத் தூக்கி என்னிடம் நீட்டினார்.

"அது கெடக்கட்டுங்க" என்றேன். "நீங்க ஏறுங்க."