இரண்டே சுற்று

கிட்டார்க் கம்பியின் நுனியைச் சுருதிச் சாவித்தண்டின் துளைக்குள் விட்டு மறுபக்கம் இழுக்கிறார் நேசபாய். பிறகு சுற்றுக்கு ஒரு விரற்கடை என்று கணக்குப் பண்ணித் தளர்த்திக்கொள்கிறார். மெல்லிய கம்பிக்கு நான்கு சுற்று, தடித்ததற்கு இரண்டு. முதல் சுற்று நுனிக்கு மேலே போகும். மற்றவை நுனிக்குக் கீழே, ஒன்றையொன்று தொட்டபடி இறங்கும். நடுவில் அகப்பட்ட நுனி அப்புறம் நழுவாது. இடது கட்டைவிரலால் கம்பியை அழுத்திப் பிடித்து, வலது கையால் சாவியைத் திருப்பும் அந்த நேரத்தில் யார் வாசலில் வந்து நின்றாலும் ஒரு "இரிங்க"கூடக் கிடையாது. அவரைப் பற்றி எழுதப் போன நானும் கால் மணி நேரம் நின்றேன்.

வயது முப்பத்தெட்டு. பகலில் லேஸ் கூடத்தில் வேலை. தலையணையில் ஊசி குத்தி, ஐம்பது அறுபது குச்சிகளில் நூல் சுற்றி, தான் பார்க்கவே போகாத மேஜைகளுக்கு லேஸ் பின்னுகிறவர். "நூலானா என்ன, கம்பியானா என்ன சார்? ஒண்ணுக்க மேல ஒண்ணு ஏறப்பிடாது. ஏறிச்சுன்னா பெறகு அது பொய்யில்லா சொல்லும்" என்கிறார். ஸ்டீல் கிட்டார் அண்ணன் கொழும்பிலிருந்து கொண்டுவந்தது. அண்ணனுக்கு வாசிக்க வரவில்லை, இவருக்கு வந்துவிட்டது. மடியில் மல்லாத்தி வைத்து, இடது கையில் ஓர் இரும்புக் கட்டியைப் பிடித்துக் கம்பிகளின்மேல் வழுக்கினால் குரல் அழுகிறதா சிரிக்கிறதா என்று சொல்ல முடியாது. கழற்றிய பழைய கம்பிகளை எறிவதில்லை. கொல்லையில் புடலம்பந்தல் முழுவதும் அவற்றில்தான் நிற்கிறது. பந்தல் கம்பி விற்கும் கோட்டாற்றுக் கடைக்காரர்கள் பார்த்தால் கண்ணீர் விடுவார்கள்.

கல்யாண வீடுகளில் கூப்பிடுகிறார்கள். போவதில்லை. "அங்கின கை தட்டுவாவ. எனக்கு அது வேண்டாம். கோயிலுக்குள்ள வாசிக்கணும், அம்புட்டுதான்." அதற்குத்தான் தடை. போன ஈஸ்டருக்கு முதல்முறையாக வாசித்தபோது, பாட்டின் நடுவில் ஒரு பழைய கம்பி இளகி, சபையே சுருதி தவறி, ஆளுக்கொரு பக்கம் பாடியது. சபைக் கமிட்டி கூடி யோசித்து, இந்த ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து மூன்றாம் வருஷத்து அறுப்பின் பண்டிகைக்கு இன்னொரு தரம் வாசிக்கலாம், அதிலும் தவறினால் கிட்டார் இனிக் கோயில் படி ஏறக்கூடாது என்று முடிவு செய்தது. துணைக்கு ஆர்மோனியமும் கூடவே ஒலிக்க வேண்டும். ஆர்மோனியம் வாசிப்பவர் அடுத்த வீட்டு ராஜையன். கமிட்டியிலும் அவர் இருக்கிறார்.

நான் போனது பண்டிகைக்கு முந்தின நாள் காலை. சென்னையிலிருந்து தபாலில் வந்த புதுக் கம்பி ஆறும் ஏற்றியாகிவிட்டது. மிச்ச நுனிகளைக் குறட்டால் வெட்டி, ஒவ்வொன்றையும் கட்டைவிரலால் தூக்கி இழுத்துவிட்டு, மறுபடி சுருதி கூட்டினார். சோறு வடித்துவிட்டு வந்து மீட்டினார். ஆறும் இறங்கியிருந்தன. மறுபடி கூட்டினார், மறுபடி இறங்கின. சுற்றுகளை உற்றுப் பார்த்தார், ஒன்றுகூட ஏறவில்லை. கடைசியில் கம்பியை மூக்கருகே கொண்டுபோனார்.

இந்த ஊரில் தலை, சட்டினி, கதவுக் கீல் எல்லாமே தேங்காய் எண்ணெய் மணக்கும். ஆகவே அது மணக்கிறது என்பதே யாருக்கும் தெரிவதில்லை. அவருக்கும் அதுவரை தெரியவில்லை. நேசபாய் தங்கை வீட்டுக்குப் போயிருந்த மூன்று நாளும் கம்பிப் பொட்டலம் ராஜையனிடம் இருந்தது. வேலிக்கு இந்தப் பக்கம் நின்று நேசபாய் அவரைக் கூப்பிட்டார்.

"அண்ணாச்சி, கம்பியில எண்ண தேச்சியளா?"

"பின்ன? துரு பிடிச்சிரப்பிடாதுல்லா! செக்குல ஆட்டின நல்ல எண்ண" என்றார் ராஜையன், பாராட்டை எதிர்பார்த்து.

"ஒங்களுக்க கொடக்கம்பிக்கும் எண்ண, இதுக்கும் எண்ணயா? சாவியில நிக்காண்டாமா அண்ணாச்சி!"

ராஜையனின் முகம் வாடிவிட்டது. வேண்டுமென்றே செய்தாரோ என்று எனக்கு அவர்மேல் சந்தேகம் வந்தது, நேசபாயிடம் மறைக்காமல் சொன்னேன். நேசபாய் சிரித்தார். "அவியளா? வேதபுஸ்தகத்துக்க அட்டைக்கே எண்ண போடுத ஆளு சார்."

வேறு கம்பி ஊரில் கிடையாது. ஒவ்வொன்றாகக் கழற்றி, மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைத்து, உலர்ந்த துணியால் அழுத்தித் தேய்த்து, திரும்ப ஏற்றினார். ஐந்து சரியாக நின்றன. எல்லாவற்றிலும் மெல்லியதுதான் வம்பு செய்தது. ஏற்கெனவே மடிந்த இடத்தில் அதை இன்னொரு முறை மடித்தால் அறுந்துபோகும். மடிப்பை வெட்டினாலோ நான்கு சுற்றுக்கு நீளம் போதாது. அவர் வெட்டிவிட்டார்.

"ரெண்டு சுத்துதான் வருது. நிக்குமா?" என்றேன்.

"நேரா இரிந்தா நிக்கும்" என்றார். நுனிக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று. அவ்வளவுதான். அன்று மாலைவரை அது இறங்கவில்லை. நான் மட்டும் அதை நம்பவில்லை.

மறுநாள் கோயில் முழுக்க வாழைக்குலையும் நெற்கதிரும் பூசணிக்காயும். காணிக்கைப் பாட்டு தொடங்கியது. நேசபாய் மடியில் கிட்டாரோடு முன்வரிசையில் இருந்தார். பக்கத்தில் ராஜையன் ஆர்மோனியத்தை உரக்கவே வாசித்தார். எங்கே கம்பி இளகினாலும் தன் சத்தத்தில் மறைத்துவிடலாம் என்று நினைத்திருப்பார், பாவம். முதல் சரணம் போயிற்று. இரண்டாவதும் போயிற்று. மூன்றாவதில் ராஜையன் தலையைச் சாய்த்துக் கேட்டார், கிட்டாரில் மறைக்க ஒன்றுமில்லை. பிறகு துருத்தியை அமுக்கி மூடி, இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டார்.

துணை போய்விட்டது. கமிட்டிக்காரர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். நேசபாய் யாரையும் பார்க்கவில்லை. இரும்புக் கட்டியை மற்ற ஐந்து கம்பிகளிலிருந்தும் விலக்கி, கடைசிச் சரணம் முழுவதையும் அந்த மெல்லிய கம்பி ஒன்றிலேயே, சுருதி இறங்காமல் வாசித்தார்.