வெள்ளைப் பூனையின் காது

சாயப்பட்டறை இருக்கும் வீட்டில் வெள்ளைப் பூனை வளர்ப்பது வேண்டாத வேலை. ஆரணியில் எங்கள் வீட்டுப் பின்கட்டில்தான் என் கணவர் பட்டு நூலுக்குச் சாயம் போடுகிறார். சில வருஷங்களுக்கு முன் தானாக வந்து ஒட்டிக்கொண்ட பூனை, ஒரு வாரம் கிளிப்பச்சை வாலோடு திரியும், மறு வாரம் அரக்குக் காலோடு வந்து என் தலையணையில் படுக்கும். முதலில் திட்டிக்கொண்டே துடைத்தேன். பிறகு அதையும் விட்டுவிட்டேன்.

அதனால் போன கோடையில் அதன் காது நுனிகள் சிவந்தபோது நாங்கள் யாரும் பதறவில்லை.

"சாயந்தான். நாலு நாள்ல தானா போய்டும்," என்றார் கணவர்.

போகவில்லை. தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைக்கப் போனேன். என் கையைப் பிறாண்டிவிட்டு ஓடியது, சனியன். மதியம் பட்டறையில் கணவருக்குச் சோறு போடும்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த மாதம் முழுக்க ஒரே கல்யாண ஆர்டர், எல்லாம் மயில்கழுத்து நிறம். அண்டாவில் நீலம், தரையில் நீலம், அவர் நகக்கண்ணில்கூட நீலம். அப்படியானால் சிவப்பு எங்கிருந்து வந்தது?

பூனையைப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தேன். காது ஓரம் பொருக்குத் தட்டி, ஓரிடத்தில் ரத்தம் கசிந்திருந்தது. கூடையில் அடைத்துக்கொண்டு இருவரும் மாட்டு டாக்டரிடம் ஓடினோம்.

"வெயில்ல படுக்குமா?" என்று கேட்டார் டாக்டர்.

"காலையில மாடி ஏறினா சாயந்திரம்தாங்க எறங்கும்," என்றேன்.

"வெள்ளைப் பூனைக்குக் காதுல முடி கம்மி. வெயில் நேரா தோல்ல படுது. பட்டுப் பட்டுப் புண்ணாயிருக்கு. இப்படியே விட்டா புத்துநோய் ஆயிடும்மா. நுனியை வெட்டிடலாம்."

கணவர் குனிந்து பூனையின் காதைப் பார்த்தார். நிறம் வெளுத்துவிடும் என்று பட்டு நூலை நிழலிலேயே காயப்போடுகிறவர் அவர். ஜன்னல் வழியாகக் கொஞ்சம் வெயில் விழுந்தாலும் வீடே அதிரக் கத்துவார். அவர் முகத்தைப் பார்த்ததும் எனக்கு வரவேண்டிய கோபம் வரவில்லை.

காது நுனிகள் போயின. தையல் பிரித்த அன்று டாக்டர் பூனையின் மூக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அங்கேயும் சிவக்கத் தொடங்கியிருந்தது.

"மூக்கை வெட்ட முடியாதும்மா. இது பொழைக்கணும்னா வெயில் படாம பாத்துக்குங்க," என்றார்.

அன்றிலிருந்து பகலில் மாடிக் கதவுக்குத் தாழ்ப்பாள். பூனை மாடிப்படியில் உட்கார்ந்து கதவைப் பார்த்துக் கத்தும். பக்கத்து வீட்டு அம்மா எட்டிப் பார்த்து, "இன்னாங்க, பூனைய அடிச்சிகினு கீறீங்களா?" என்று கேட்கும் அளவுக்குக் கத்தும்.

ஒரு நாள் கணவருக்குத் தாங்கவில்லை. "எவ்ளோ பேஜாரா கத்திகினு கீது பாரு. அஞ்சு நிமிஷம் உடலாமா?" என்று தாழ்ப்பாளில் கை வைத்தார்.

"கைய எடுங்க," என்றேன். "கத்தட்டும். கத்துதுன்னா உயிரோட கீதுன்னுதான அர்த்தம்?"

கையை எடுத்துவிட்டுப் பூனைக்குப் பக்கத்தில் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். நான் சமையலறைக்குப் போய்ச் சத்தம் வராமல் அழுதேன். பூனை கத்திக்கொண்டேதான் இருந்தது.