ஆறு பெண் ஃபைட்டர்களும் ஒரு மின்விசிறியும்

மீன் விற்கிறவள் மீன் சாப்பிடமாட்டாள் என்று தெரிந்துவிட்டால், கல்கத்தாவில் அவள் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் மீனைப் பார்க்க வருவதில்லை, அவளைப் பார்க்கத்தான் வருகிறார்கள்.

டாலிகஞ்ச் மெட்ரோவில் இறங்கி, ஆட்டோ வரிசையைத் தாண்டி வந்தால், மருந்துக் கடைக்கும் தையற்கடைக்கும் நடுவில் பச்சை வெளிச்சமாக ஒரு கதவு தெரியும். அதுதான் எங்கள் வண்ணமீன் கடை. எங்கள் என்றால் எனக்கும் என் ஓரகத்தி புவனாவுக்கும். திருநெல்வேலிச் சைவக் குடும்பம். முட்டைகூட வாசல்படி தாண்டாது. அண்ணனும் தம்பியுமான எங்கள் வீட்டுக்காரர்கள் கிடர்பூரில் கப்பல் சரக்கு ஆபீசில் வேலை பார்க்கிறார்கள். ஒரே வீட்டில் இரண்டு மருமகள்கள் பகல் முழுக்கச் சும்மா இருந்தால் என்ன ஆகுமோ என்று பயந்து கடை வைத்துக் கொடுத்தார்கள். எது ஆனாலும் கடையில் ஆகட்டும் என்று நினைத்திருப்பார்கள்.

காலையில் பல் தேய்ப்பதற்கு முன்பே தொட்டியில் தலைகளை எண்ணிப் பார்க்கிற மீன் வளர்க்கும் என் துக்கப் பங்காளிகளே, இந்தக் குட்டிக் கதைகள் உங்களுக்கு.

பையில் ஒன்று, தொட்டியில் ஒன்று

தத்தா பாபு பள்ளிக்கூட ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். தினமும் காலையில் சந்தைக்குப் போய்விட்டு நேராக எங்கள் கடைக்கு வருவார். எனக்கு அவர் வைத்த பெயர் பௌமா, மருமகள் முறை. மற்ற எல்லோருக்கும் நான் பௌதி, அண்ணி முறை. கையில் நைலான் பை, பையிலிருந்து குழம்புக்கு வாங்கிய ஒரு ரூயி மீனின் வால் எட்டிப் பார்க்கும். அந்த வாலோடு குனிந்து, கண்ணாடியில் மூக்கு படுகிற மாதிரி நின்று, என் மீன்களை நலம் விசாரிப்பார்.

எனக்குப் பொறுக்கவில்லை. ஒருநாள், "பையை வெளியில் மாட்டிவிட்டு வாருங்களேன்" என்று பணிவாகத்தான் சொன்னேன். அவர் பையையும் பார்த்தார், தொட்டியையும் பார்த்தார். வங்காளத்தில் அவர் கேட்டதைத் தமிழில் தருகிறேன்: "யாருக்காகச் சொல்றே பௌமா? இதைப் பாத்து அது பயப்படுமா, அதைப் பாத்து இது ஏங்குமா?"

ஹாரு-தாவின் கணக்கு

ஃபைட்டர் மீன் தெரியாதவர்கள் இருக்கமாட்டீர்கள். ஆண் மீன்களை ஆளுக்கொரு பாட்டிலில் போட்டு, நடுவில் அட்டை சொருகி அலமாரியில் வரிசையாக வைப்போம். அட்டை நழுவினால் போயிற்று. இரண்டும் செவுளை விரித்துக்கொண்டு கண்ணாடியை முட்டும். பெண் மீன்களுக்கு அவ்வளவு நீளத் துடுப்பு இல்லை, அவ்வளவு விலையும் இல்லை. அதனால் யாரும் அவற்றைப் பெரிதாக மதிப்பதில்லை.

எனக்கோ ஒரு பெரிய தொட்டி நிறையப் பெண் ஃபைட்டர்களை ஒன்றாக விட்டுப் பார்க்க ஆசை. ஹவுராவிலிருந்து படகில் ஆற்றைத் தாண்டி மீன் கொண்டுவரும் ஹாரு-தாவிடம், அதாவது ஹாரு அண்ணனிடம், இரண்டே இரண்டு கேட்டேன். அவர் ஆறு கொண்டுவந்தார். என்னை ஏமாற்றி நாலு மீனைக் கூடுதலாகத் தலையில் கட்டுகிறாரோ என்று நான் முறைத்தேன். பாலிதீன் பைகளை ஒவ்வொன்றாகத் தொட்டித் தண்ணீரில் மிதக்கவிட்டபடியே அவர் சொன்னார்: "ரெண்டு பேர் இருந்தா ஒருத்தி ஜெயிப்பா, ஒருத்தி சாவா. ஆறு பேர் இருந்தா யாரை அடிக்கறதுன்னே மறந்துபோயிடும் பௌதி."

சத்தம் இல்லாத கனவு

மதியம் இரண்டு மணிக்கு எங்கள் தெரு கண்ணை மூடிவிடும். மருந்துக் கடை ஷட்டர் பாதி இறங்கும். தையல் மெஷின் நிற்கும். மழை மட்டும் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருக்கும். அப்போது கடையில் விளக்குகளை அணைத்துவிட்டு, பெரிய தொட்டியின் விளக்கை மட்டும் எரியவிடுவேன். உலர்ந்த நாட்டு வாதாம் இலைகளைப் போட்டிருப்பதால் தண்ணீர் வடிகட்டிய தேநீரின் நிறத்தில் இருக்கும். அதற்குள் சிவப்பாக ஒன்று, நீலமாக ஒன்று, பெயர் சொல்ல முடியாத நிறங்களில் மற்றவை. செடிகளுக்கு இடையில் மெல்ல வரும், நிற்கும், மேலே போய் ஒரு வாய் காற்றை விழுங்கிவிட்டு மறுபடி இலைக்குள் மறைந்துபோகும். பார்த்துக்கொண்டே இருந்தால் நாமும் எங்கோ கீழே இறங்கிப் போய்விட்ட மாதிரி இருக்கும். எழுந்து வர மனசே வராது.

தொட்டிக்கு எதிரே மின்விசிறிக்கு நேர் கீழே ஒரே ஒரு நாற்காலி. சினிமா ஸ்டூடியோவில் உடை தைக்கும் மிட்டு-தி என்ற பெண் மாதம் ஒரு முறை மீன் தீனி வாங்க வருவாள். ஒருநாள் அந்த நாற்காலியில் சும்மா உட்கார்ந்தவள் அப்படியே தூங்கிப்போனாள். நான் எழுப்பவில்லை. விழித்ததும் கண்ணைக் கசக்கிக்கொண்டு சொன்னாள்: "பௌதி, உன் கடையில தூங்கினா கனவுல சத்தமே வரமாட்டேங்குது."

அந்த நாற்காலி

இப்படிப்பட்ட நாற்காலியை யார்தான் விட்டுக்கொடுப்பார்கள்? நான் சீனியர், எனக்கு முழங்கால் வலி. புவனாவுக்கு வியர்வை, தவிர தொட்டியை வாரம் தவறாமல் கழுவுகிறவள் அவள்தான். புரட்டாசி பிறந்தும் புழுக்கம் குறையாத ஒரு வாரத்தில், கடைக்கு யார் முதலில் வருவது என்று எங்களுக்குள் ஒரு ஓட்டப்பந்தயமே நடந்தது.

தொட்டிக்குள்ளும் அதே கதை. ஓரத்தில் கிடந்த மண்சட்டியைச் சிவப்பு மீன் தனதாக்கிக் கொண்டது. புவனா அதற்குச் செவந்தி என்று பெயர் வைத்திருந்தாள். எல்லாவற்றிலும் சின்னதான சாம்பல் மீன் அந்தப் பக்கம் போனால் துரத்திக் கடித்தது. சின்னதின் வால் கிழிந்து, அது ஃபில்டர் குழாய்க்குப் பின்னால் ஒண்டிக்கொண்டது. தீனிக்குக்கூட வெளியே வருவதில்லை. அதைப் பார்த்து நான், "சிலதுங்க எங்க போனாலும் அடுத்தவங்க இடத்தைத்தான் புடிக்கும்" என்றேன். மீனைத்தான் சொன்னேன் என்றால் நீங்களே நம்பமாட்டீர்கள். புவனா எழுந்து புடவையை உதறினாள். "யக்கா, நடுவுல பிளைவுட் அடிச்சிரலாம். உங்க பாதியில நீங்க மீன் வளத்துக்கிடுங்க, எம் பாதியில நான் அப்பளம் விக்கேன்."

சாக்பீஸ் கோடு

விளையாட்டுக்குச் சொன்னாள் என்றுதான் இருந்தேன். மறுநாள் தச்சர் நிமாய்-தா டேப்போடு வந்து நின்றார். முறுக்கு, சீடை போட்டு வைக்கப் புத்தம்புதிய கண்ணாடி ஜாடிகள் வேறு வந்து இறங்கின. புவனா அவற்றைக் காகிதம் சுற்றி மேலே அடுக்கினாள். என்னைத் தொட விடவில்லை. வீட்டில் அண்ணனும் தம்பியும் பேப்பருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார்கள். கடையில் விழுகிற கோடு, கடைக்கு மேலே மாடியில் இருக்கும் எங்கள் சமையலறைக்கு ஏறி வர எவ்வளவு நேரமாகும்? பதினாறு வருஷமாக ஒரே அடுப்பில் சமைத்தவர்கள் நாங்கள். ஆனாலும் வீம்பு என் வாயைத் திறக்க விடவில்லை.

நிமாய்-தா வாசலிலிருந்து சாக்பீஸால் தரையில் கோடு இழுத்துக்கொண்டே போனார். சரிபாதி என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள் புவனா. கோடு நேரே போய்ப் பெரிய தொட்டியின் ஸ்டாண்டில் முட்டி நின்றது. தடுப்பு வந்தால் தொட்டி போகவேண்டும், ஆறும் ஆளுக்கொரு பாட்டிலுக்குப் போகவேண்டும். துர்கா பூஜைக்குப் பந்தல் போடுவதால் ஊரில் ஒரு தச்சருக்கும் கை ஒழியாது, பூஜை முடிந்துதான் வேலை என்று அவர் சொன்னதில் எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. போகும்போது தொட்டியை இன்னொரு தடவை பார்த்தார். "பௌதி, இதுக்கு நடுவுலயும் கோடு போடணுமா?"

விஜயா சந்தேஷ்

பூஜை வரை நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. அவள் பாதியை அவள் துடைப்பாள், என் பாதியை நான். கோட்டின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் படாமல் இருவரும் துடைத்த அழகைக் கல்கத்தாவே வந்து பார்த்திருக்கவேண்டும். தெருக்கோடியில் தாக் மேளம் முழங்கும்போது தொட்டித் தண்ணீரில் சின்னச் சின்ன வளையங்கள் எழும். கோட்டுக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான், நடுவில் அந்த வளையங்கள். இருவருமே அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

தேவியை ஆற்றில் கரைத்த மறுநாள் தத்தா பாபு வந்தார். விஜயா, அதாவது விஜயதசமி, முடிந்தால் பெரியவர்கள் காலைத் தொடவேண்டும், எல்லோர் வாயிலும் இனிப்பு போடவேண்டும். அது இந்த ஊர் வழக்கம். நாங்கள் தனித்தனியாகக் காலைத் தொட்டோம், தனித்தனியாக அவர் கொண்டுவந்த சந்தேஷ் என்ற பால் இனிப்பை வாங்கிக்கொண்டோம். அவருக்குத் தேங்காய் பர்பி எடுக்க நான் உள்ளே போனேன், புவனா தண்ணீர் கொண்டுவரப் போனாள். திரும்பி வந்தபோது மனிதர் தொட்டி மூடியைத் திறந்து, மீதி சந்தேஷை எல்லாம் பொறுமையாக உதிர்த்துப் போட்டு முடித்திருந்தார். தேநீர் நிறத் தண்ணீர், பால் விட்ட டீ ஆகிக்கொண்டிருந்தது. நான் பர்பித் தட்டை வைத்துவிட்டு வலையை எடுத்தேன். அவர் விரலைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்: "ஆறு பொண்ணுங்க இருக்கற வீடு. விஜயாவுக்கு வெறும் வாயோட விடலாமா, பௌமா?"

ஆறு ஜாடிகள்

பால் கலந்த தண்ணீரில் மீன் பிழைக்காது. காலி பாட்டில் ஒன்றுகூட இல்லை. பூஜைக் கூட்டத்தில் எல்லாம் மீனோடு விற்றுப்போய்விட்டது. நான் வலையை வைத்துக்கொண்டு தவிக்க, பின்னால் காகிதம் கிழிகிற சத்தம் கேட்டது. புவனா தன் புது ஜாடிகளை இறக்கிக்கொண்டிருந்தாள். குளோரின் போக வாளியில் பிடித்து வைத்திருந்த தண்ணீரை அவள் ஊற்ற, நான் பிடித்துப் பிடித்து விட்டேன். கோட்டை யார் எத்தனை தடவை தாண்டினோம் என்று கவனிக்க நேரமில்லை.

தொட்டியைக் காலி செய்து, தேய்த்து, புதுத் தண்ணீர் தயாராகும்வரை ஆறும் ஜாடியில் இருந்தன. துரத்த ஆளில்லை, நிம்மதியாக இருக்கும் என்று நினைத்தேன். ஆனால் எல்லாம் நிறம் வெளுத்து அடியில் கிடந்தன. செவந்தி மட்டும் கண்ணாடியை ஓரமாகச் சுற்றிச் சுற்றித் தேடிக்கொண்டிருந்தது.

பழைய இடத்துக்குச் சண்டை வராமல் இருக்க, மறுபடி விடும்போது பழையபடி அடுக்கக்கூடாது என்பது எங்கள் தொழில் முறை. மண்சட்டி இந்த மூலைக்கு, மரக்கட்டை அந்த மூலைக்கு, செடிகள் எல்லாம் இடம் மாற்றி. முதலில் சின்னது, கடைசியில் ரவுடி. செவந்தி உள்ளே போனதும் தன் சட்டி இருந்த இடத்தில் போய் நின்றது. அங்கே சட்டி இல்லை. கொஞ்ச நேரம் திகைத்துவிட்டு, புது மனுஷி மாதிரி மற்றவர்களோடு சுற்றக் கிளம்பியது. கிழிந்த வாலோடு சின்னது நடுத் தொட்டிக்கு வந்து தீனி எடுத்ததைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. புவனாவும் மூக்கை உறிஞ்சினாள். எங்கள் இருவர் முகமும் கண்ணாடியில் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரிந்தது. "யக்கா, கடையையும் ஒரு தடவை இப்பிடி மாத்திப் போட்டுக் களுவிப் பாப்பமா?"

பலகை வந்த நாள்

நிமாய்-தா சொன்ன சொல் தவறாதவர். பந்தல் எல்லாம் பிரித்த பிறகு ஆளை வைத்து பிளைவுட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். கடைக்குள் கால் வைத்தவர் வேறு கடைக்கு வந்துவிட்டோமோ என்று வெளியே போய்ப் பெயர்ப்பலகையைப் பார்த்துவிட்டு வந்தார். அலமாரி இடம் மாறியிருந்தது, கல்லா மாறியிருந்தது, மின்விசிறிக்கு நேர் கீழே பெரிய தொட்டியும் பக்கத்தில் முறுக்கு, சீடை ஜாடிகளும் இருந்தன. நாற்காலியை மிட்டு-திக்கே கொடுத்துவிட்டோம்.

அவர் குனிந்து தரையைத் தடவித் தடவித் தேடினார். "கோடு எங்க பௌதி?" என்றார். நான் புவனாவைப் பார்த்தேன். அவள் அவரைப் பார்க்கவில்லை, சின்னதுக்குத் தீனி போட்டுக்கொண்டே சொன்னாள்: "சாக்பீஸ்தான, தண்ணி பட்டா போயிரும்லா."

தடுப்புக்கு வந்த பலகைதான் இன்று நாங்கள் இருவரும் உட்காரும் பெஞ்சு. பெண் ஃபைட்டர்களை ஒன்றாக வளர்ப்பது எப்படி என்று யார் கேட்டாலும் சொல்லித் தருகிறோம், அந்த பெஞ்சில் காற்று வருகிற பக்கம் யாருடையது என்று மட்டும் கேட்காதீர்கள்.