வளையல்காரம்மாவின் முதல் பத்து நிமிஷம்

பிள்ளைகளே, போன வாரம் நீங்கள் இரண்டு பேரும் என் செல்போனில் இருந்த அந்தப் பதிவைக் கேட்டுவிட்டு, "ஏம்பா, ஃபேன் சத்தம்தான் வருது, நீங்க எதுக்குத் தனியா சிரிக்கிறீங்க?" என்று கேட்டீர்கள். நான் பேச்சை மாற்றிவிட்டேன். பயம்தான் காரணம். அன்றைக்கு வந்த பயம் இன்னும் முழுசாகப் போகவில்லை. அதனால் எழுதிவிடுகிறேன்.

நான் வேலை செய்கிற பல்கலைக்கழக நூலகத்தில் பழைய பொருள்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றி வைக்கிறோம் என்று உங்களுக்குத் தெரியும். அதில் இதுதான் அதுதான் என்று கிடையாது. ஆராய்ச்சி மாணவர்கள் எழுதிய தடிதடியான புத்தகங்கள், பழைய கேள்வித்தாள், விளையாட்டு விழா போட்டோ, அட்டையில் ஒட்டிக் காயவைத்த இலை, இப்போது அபார்ட்மெண்டாகிவிட்ட ஏரியின் வரைபடம், எல்லாம் வரும். நான் பத்தாவதோடு நின்றவன். படித்தவர்கள் சேர்த்து வைத்ததெல்லாம் என் கையைத் தாண்டித்தான் உள்ளே போகிறது என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.

கேசட்டும் வரும். ஈரத்தில் கிடந்த கேசட்டை ஒரே ஒரு தடவைதான் ஓட்டவேண்டும். ஓடும்போதே நாடாவில் இருக்கிற பூச்சு பழுப்பு மாவாக உதிரும், அடுத்த தடவைக்கு எதுவும் மிஞ்சாது. அதனால் கேசட் ஓடுகிற டெக்கில் ஹெட்போனைச் செருகிப் போட்டுக்கொண்டு, திரையில் பச்சைக் கோடு ஆடுகிறதா என்று பார்த்துக்கொண்டே உட்காரவேண்டும். கோடு ஆடினால் பதிவாகிறது என்று அர்த்தம். அப்படித்தான் நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கு வந்த கேசட்டில் கீழ்க்கட்டளைப் பக்கம் வீடு வீடாக வளையல் விற்ற ஒரு அம்மா பேசியிருந்தார். தெருவில் கூவி விற்கிறவர்களைப் பற்றி ஆராய்ச்சி செய்த ஒரு மாணவி எப்போதோ எடுத்த பேட்டி. அந்த அம்மா உயிரோடு இல்லை. அவருடைய மகள் எப்படியோ விசாரித்து, குரலைக் கேட்கவேண்டும் என்று எங்கள் பிரிவைப் பார்த்துக்கொள்கிற மேடத்துக்குப் போன் செய்திருந்தார். அன்றைக்கே மூன்று மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள்.

பதினோரு மணிக்கு ஓட்டினேன். கோடு ஆடியது. அந்த அம்மா பேசப் பேச நானும் சிரித்தேன். பத்து நிமிஷம் போனதும் ஹெட்போனின் பஞ்சு பிய்ந்து காதை அறுத்தது. கழற்றிவிட்டு ஸ்பீக்கரில் போட்டேன். நூலகத்தில் அது கூடாது. அறையில் யாரும் இல்லையே என்று போட்டுவிட்டேன்.

முடிந்ததும் நாடா மேலெல்லாம் வெளுத்துப்போயிருந்தது. அது தெரிந்ததுதான். சரிபார்க்கலாம் என்று பதிவை முதலிலிருந்து போட்டேன். ஃபேன் சத்தம். நாற்காலி கிறீச்சிடுகிற சத்தம். மேலே ஒரு விமானம் போகிறது. நான் இருமுகிறேன். பிறகு நான் சிரிக்கிறேன். அந்த அம்மா இல்லை.

கம்ப்யூட்டரின் அமைப்பைத் திறந்து பார்த்தேன். முந்தின நாள் யாரோ அந்தக் கம்ப்யூட்டரில் வீடியோ மீட்டிங் பேசியிருக்கிறார்கள். மைக் அப்படியே திறந்திருக்கிறது. டெக்கிலிருந்து வந்த ஒயரை விட்டுவிட்டு, அறையில் இருந்த சத்தத்தைத்தான் கம்ப்யூட்டர் வாங்கியிருக்கிறது. கோடு ஆடியது என் இருமலுக்கும் ஃபேனுக்கும்தான். நான் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறேன்.

பதிவை முன்னால் நகர்த்திப் பார்த்தேன். பத்தாவது நிமிஷத்தில் அந்த அம்மாவின் குரல் கேட்டது. தூரத்தில் பேசுவது போல, ஃபேனோடும் ரயில் ஹாரனோடும். ஸ்பீக்கரில் போட்டதால் தப்பித்தது. முதல் பத்து நிமிஷம் மட்டும் உலகத்தில் எங்கேயும் இல்லை.

சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவேயில்லை. கேசட் கெட்டுப்போய்த்தான் வந்தது என்று சொன்னால் முடிந்தது. பழுப்பு மாவைக் காட்டினால் யாரும் நம்புவார்கள். நான் ஒப்பந்த ஆள். நாளைக்கு வரவேண்டாம் என்றால் வரவேண்டாம்தான். பெருங்களத்தூரில் இருந்துகொண்டு உங்களை இந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்த்ததே இந்த வேலையை நம்பித்தான். பொய்யை மூன்று தடவை மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன். நன்றாகத்தான் வந்தது. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

இரண்டரைக்கே அந்த மகள் வந்துவிட்டார். அறுபது வயசு இருக்கும், முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வாசலிலேயே நின்றார். மேடமும் கூட வந்தார்கள். நான் எழுந்து நின்று மேடத்தைப் பார்க்காமல் அந்த மகளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மைக், ஸ்பீக்கர், பத்து நிமிஷம். மேடத்தின் முகம் மாறியது. 

அந்த மகள் நாற்காலியில் உட்கார்ந்தார். என் முகத்தைப் பார்த்து, "அந்தப் பத்து நிமிஷம் நீங்க கேட்டீங்களா தம்பி?" என்றார்.

"கேட்டேன்மா."

"என்னைப் பத்தி எதுனா சொன்னாங்களா?"

அந்தக் கேள்விக்குத்தான் நான் மிகவும் பயந்தேன். என்ன சொன்னாலும் நம்பிவிடுவார். நல்லதாக நாலு வார்த்தை சேர்த்தாலும் தெரியப்போவதில்லை. கண்ணை மூடி யோசித்து, கேட்டதை மட்டும் சொன்னேன். "யார் கையையும் பார்த்த உடனே அளவு சொல்லிடுவேன், என் பொண்ணு கை மட்டும் பிடிபடாது, போட்ட வளையல் அடுத்த மாசம் பத்தாதுன்னாங்க. அப்புறம் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். என் சிரிப்பு மட்டும்தான் இதுல பதிவாகியிருக்கு."

அவர் தன் கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். "கை வளந்துகினே கீதுன்னு அம்மா திட்டும்," என்றார். பிறகு என் சிரிப்பு வருகிற இடத்தைப் போடச் சொல்லி இரண்டு தடவை கேட்டார்.

மேடம் என்னிடம் ஒரு தாளைக் கொடுத்து, நினைவிருக்கிறதை எழுதுங்கள், நிச்சயமில்லாத இடத்தை வெறுமையாக விடுங்கள் என்றார்கள். வேலை இருக்குமா என்று கேட்கத் தைரியம் வரவில்லை. எழுதினேன். ஒன்றரைப் பக்கம் வந்தது, நடுவில் ஏழு இடம் காலி. அந்தத் தாளையும் ஸ்கேன் செய்து, பதிவுக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறோம். மறுநாள் வழக்கம்போல அடுத்த கேசட் என் மேஜைக்கு வந்தது. இப்போதெல்லாம் ஓட்டுவதற்கு முன்னால் கையைத் தட்டிப் பார்க்கிறேன். கோடு ஆடினால் மைக் திறந்திருக்கிறது.

ஆனால் அந்த அம்மா சிரித்த விதத்தை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. தாளில் 'சிரிக்கிறார்' என்று மட்டும் இருக்கிறது. அந்தச் சிரிப்பைக் கேட்டவர்களில் நான் ஒருவனாவது இருக்கிறேன். ரயிலில் வீட்டுக்கு வரும்போது சில நாள் அதை நினைத்துப் பார்ப்பேன். போன வாரம் ஒரு நாள், தாம்பரம் தாண்டி நம் ஸ்டேஷன் நெருங்கும்வரை அந்தச் சிரிப்பு நினைவுக்கு வரவேயில்லை.