ரெஜினாவுக்கு வந்த கடிதம்

போன வாரம் வியா மக்வேதா தெருவில் பெர்மெஸ்ஸோவுக்குப் படம் எடுத்தேன். இங்கே வாழ அனுமதிக்கும் பத்திரத்தை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். இப்போது அது பிளாஸ்டிக் அட்டை. முன்பு படம் ஒட்டி முத்திரை குத்திய கடதாசி. அதை முதன்முதலில் நான் தொட்டுப் பார்த்தபோது, அதிலிருந்தது ரெஜினாவின் முகம். சொல்லும்போதே வயிறு எரிகிறது, பாருங்கள், இத்தனை வருடத்துக்குப் பிறகும்.

ரெஜினா மன்னார்க்காரி. அல்பெர்கேரியா பகுதியில் இருவரும் ஒரே அறை. வீட்டு வேலையும் ஒரே தெருவில். ஒரே நாளில் விண்ணப்பித்தோம். அவளுக்காகவும் நான்தான் இத்தாலியனில் கதைத்தேன்; அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது. ஆனால் வியாழக்கிழமை வரச்சொல்லிக் குவெஸ்தூரா என்ற பொலிஸ் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது அவளுக்கு.

தபால்காரர் அதை என்னிடம்தான் தந்தார். பெட்டிக்குள் சேலைகளுக்கு அடியில் வைத்துவிட்டேன். பெர்மெஸ்ஸோ கிடைத்தால் அவள் ஊருக்குப் போய்ப் பிள்ளைகளைப் பார்ப்பாள். யாழ்ப்பாணத்தில் அக்காவிடம் விட்டுவந்த என் மகளை நான் பார்த்து நாலு வருடம். புதன் மாலை ரெஜினா பல்லரோ சந்தையில் வாங்கிய மீனைக் குழம்பு வைத்து, எப்போதும்போல நடுத்துண்டை என் சாப்பாட்டுக் கோப்பையில் போட்டாள். அதற்கும் எனக்குக் கோபம்தான் வந்தது. சாப்பிட்டு முடித்துத்தான் கடிதத்தை எடுத்துக் கொடுத்தேன்.

"எப்ப வந்தது, அக்கா?"

"திங்கட்கிழமை."

அவள் கோப்பைகளைக் கழுவி முடித்தாள். பிறகு, "நாளைக்கு நீங்களும் வாங்கோ. எனக்குக் கதைக்கத் தெரியாது," என்றாள்.

போனேன். ரெஜினா வேலைசெய்த வீட்டுச் சிஞ்ஞோரா கையெழுத்திட வேண்டிய தாளொன்றை நாங்கள் கொண்டுபோகவில்லை. இன்னொரு நாள் வரச் சொன்ன அதிகாரியிடம் அரைமணி நேரம் மன்றாடி, மதியத்துக்குள் கொண்டுவரச் சம்மதம் வாங்கினேன். ரெஜினா ஓடிப்போய்க் கையெழுத்தோடு வந்தாள். எனக்காகக்கூட நான் அப்படி வாதாடியதில்லை.

பெர்மெஸ்ஸோ கிடைத்து ஊருக்குப் போனவள் மன்னாரிலிருந்து பஸ் ஏறி என் மகளையும் பார்க்கப் போயிருக்கிறாள். படம் அனுப்பினாள்: ரெஜினாவின் மடியில் என் ஐந்து வயதுப் பிள்ளை, கழுத்தைக் கட்டிக்கொண்டு. அன்று நான் வேலைக்குப் போகவில்லை.

எனக்கு அனுமதி கிடைக்க இன்னும் எட்டு மாதம் ஆனது. ஊருக்குப் போய் இறங்கினேன். மகள் அக்காவின் பின்னால் நின்று, "ரெஜினா அன்ரி வரேல்லையோ?" என்று கேட்டாள்.

ரெஜினா இப்போது லண்டனில். நாங்கள் இருந்த அறையில் சுற்றுலாப் பயணிகள் தங்குகிறார்கள். மகள் பிறகு என்னிடம் வந்துவிட்டாள். என்னைவிட உயரம், சண்டையை இத்தாலியனில்தான் போடுவாள். அவளுடைய ஐந்து வயது மட்டும் ரெஜினாவின் மடியில் இருந்துவிட்டுப் போய்விட்டது.