தூண்களுக்கு நடுவே

மலையில் அருவிக்கு மேலே, பெருமழையில் உருண்டு வரும் பாறைகளைத் தடுத்து நிறுத்த, தண்ணீர் போக மட்டும் இடைவெளி விட்டு ஓடைக்குக் குறுக்கே தூண்கள் எழுப்பியிருந்தோம். பட்டாசு ஆலையை விட்டு நான் கொத்து வேலைக்கு வந்த புதிது.

"இடைவெளியை அடைச்சுப் பூசி மயில் வரைஞ்சிருங்க. டூரிஸ்ட் போட்டோ எடுப்பாங்க" என்றார் பார்வையிட வந்த அதிகாரி.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"தண்ணி தேங்கி மொத்தமா ஒடைச்சுக்கிட்டு வருமே சார்! எங்க பட்டாசு கம்பெனியில சீசன் நேரத்துல ஒரு வாசலை மறிச்சுப் பெட்டி அடுக்கிட்டாக. தீப்பிடிச்சப்ப எங்க அக்கா அந்த வாசலுக்குத்தான் ஓடினா. நான் அடைக்க மாட்டேன்."

"வேற ஆள் வச்சுப் பூசிக்கிறேன்" என்றார்.

காலிச் சாந்துச் சட்டியை இடைவெளியில் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தேன்.

"வரச் சொல்லுங்க. என்னையவும் சேத்துப் பூசட்டும்."